பிள்ளைகளைக் காக்கும் மானியமும் கேட்கத் தயங்கும் எம்மவரும்

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களிடையே ‘சோசல்’ என்ற சொல் இரு பொருள்களில் வழங்குகின்றது. ஒன்று, மாதம் முடியுமுன் தீர்ந்துபோகும் உதவிப் பணம். மற்றையது, பிள்ளைகளைப் பறித்துச் செல்லக்கூடிய அரச உத்தியோகத்தர். முதலாவது பொருளில் அச்சொல்லை வெட்கத்துடனும், இரண்டாவது பொருளில் நடுக்கத்துடனும் எம்மவர் உச்சரிப்பதை நாம் பல இடங்களிலும் கேட்டிருக்கிறோம். இன்ன தெருவில் இன்னாருடைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கொண்டுபோய்விட்டார்களாம் என்ற செய்தி, ஒரு மாலைப் பொழுதுக்குள் தொலைபேசி வழியாக மூன்று நாடுகளைக் கடந்துவிடுகின்றது. இக்கதைகளுட் சில உண்மை. பல, கைமாறுந்தோறும் பருத்தவை.

அச்சொல்லுக்கு மூன்றாவதொரு பொருளும் உண்டு என்பதை அறிந்தோர் எம்மிடையே மிகச் சிலரே. தீங்கு நேர்ந்த பின்னர் வந்து கதவைத் தட்டும் அதே அரசு, தீங்கு நேருமுன் அதனைத் தடுக்கும் பொருட்டு, ஆலய மண்டபத்திலோ நூலகத்தின் கீழ்த்தளத்திலோ கூடும் சிறு அமைப்புகளுக்கு மானியமும் வழங்குகின்றது. அந்த மானியம் எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு வருகின்றது, அதனால் உண்மையிலேயே பயன் விளைகின்றதா, எம்மவர் ஏன் அதனைக் கேட்பதில்லை என்பனவற்றையே இங்கு நோக்கவுள்ளோம். ஐக்கிய அமெரிக்காவை உதாரணமாகக் கொள்கிறோம். அங்கு வாழும் எம்மவர் தொகை கனடாவில் வாழ்வோர் தொகையை விடக் குறைவுதான். எனினும், இத்தகைய மானியத்தைத் தனிச் சட்டப் பிரிவாகவே எழுதி, ‘சமூகத்தை அடிப்படையாகக் கொண்ட’ என்ற அடைமொழியை அதன் பெயரிலேயே வைத்த நாடு அது. அதன் நிறைகளையும் குறைகளையும் அறிந்துகொண்டால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பவர் தத்தம் நாட்டு ஏற்பாடுகளை எடைபோடுவது எளிதாகும்.

ஓர் அகதி மருத்துவரின் கட்டுரை

பிள்ளைகளை அவர்தம் வீட்டாரிடமிருந்தே காக்கவேண்டி வரலாம் என்பதை மேற்குலகு ஏற்றுக்கொண்டது நெடுங்காலத்துக்கு முன்பன்று. 1874 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் மேரி எலன் வில்சன் என்ற சிறுமி, வளர்ப்புத் தாயின் சித்திரவதையிலிருந்து மீட்கப்பட்டாள். அதற்கு முன்னின்று உழைத்தவர் விலங்குவதைத் தடைச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பேர்க். அச்சிறுமியை ஒரு விலங்கு என்று வாதாடியே மீட்டார்கள் எனும் கதை இன்றும் உலவுகின்றது. சுவையான கதைதான், ஆயினும் வரலாறு அதுவன்று. ஆட்கொணர்வு மனுவை ஒத்த பழைய சட்டமுறை ஒன்றின் கீழேயே அவள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். நியூயோர்க் சிறுவர்வதைத் தடைச் சங்கம் அந்த வழக்கின் பின்னரே தோன்றியது.

அதன் பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் இவ்விடயம் தருமசங்கங்களின் அலுவலாகவே இருந்தது. அதனை மருத்துவத்தின் அலுவலாகவும் பின்னர் அரசின் அலுவலாகவும் மாற்றியவர், கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பே. 1922 இல் ஜேர்மனியின் பிரெஸ்லோ நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, இளம் வயதில் நாசிகளின் ஆட்சிக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர் இவர். நாடிழந்து வந்த ஒருவரே, தம்மை ஏற்றுக்கொண்ட நாட்டின் வீடுகளுக்குள் நிகழ்வதை அந்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னார் என்பது எமக்கு முக்கியமானதாகத் தோன்றுகின்றது.

1962 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் கெம்பேயும் அவரது சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, ‘அடிபட்ட குழந்தையின் நோய்க்குறித் தொகுதி’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. வைத்தியசாலைகளிடம் கேட்டறிந்ததில், ஓராண்டுக் காலத்தில் 302 குழந்தைகள் இவ்வாறு அடிபட்டு வந்திருந்தமை தெரியவந்தது. அவர்களுள் 33 பேர் இறந்தனர். 85 பேருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு. தடுக்கி விழுந்தான், படியில் உருண்டாள் என்று பெற்றோர் கூறியதையெல்லாம் அதுவரை நம்பியிருந்த மருத்துவர்கள், எக்ஸ்கதிர்ப் படத்தில் ஆறிய முறிவுகளையும் ஆறாத முறிவுகளையும் பக்கத்திற் பக்கமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டனர். 1967 ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களிலும் முறைப்பாட்டுச் சட்டங்கள் வந்துவிட்டன. 1974 ஜனவரி 31 ஆம் திகதி, சிறுவர் துஷ்பிரயோகத் தடுப்பு மற்றும் சிகிச்சைச் சட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்டார். காங்கிரசில் அதற்காகப் பாடுபட்டவர் செனட்டர் வோல்ட்டர் மொண்டேல்.

சட்டத்தின் பெயரில் ‘தடுப்பு’ என்ற சொல் முன்னால் நின்றது. பணம் பெரும்பாலும் பின்னால் நின்ற காரியங்களுக்கே சென்றது. முறைப்பாடுகளை ஏற்கவும் விசாரிக்கவும் உத்தியோகத்தர் வேண்டும், பிரித்தெடுத்த பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பெற்றோர் வேண்டும். இவற்றுக்குச் செலவிட்டபின் எஞ்சியதே தடுப்புக்கு. தீயணைப்புப் படைக்கு வண்டி வாங்குபவர் விளக்கை உயரத்தில் வைக்கும்படி சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பாதது போன்ற நிலைமை இது.

திருமணப் பதிவிலிருந்து சில டொலர்

இந்நிலைமைக்கு மாற்று வழி கண்டவர் மிச்சிகன் மாநிலத்துக் குழந்தை மருத்துவரான ரே ஹெல்பர். கெம்பேயுடன் இணைந்து 1968 இல் இத்துறையின் முதன்மை நூலைத் தொகுத்தவர் அவர். அவரது யோசனை மிக எளிமையானது. வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் சிறுவர் தடுப்புப் பணிக்காகக் கையேந்தி நிற்பதை விட, வேறெதற்கும் எடுக்கமுடியாத தனி நிதியம் ஒன்றை நிறுவவேண்டும் என்பதே அது. நெடுஞ்சாலைகளுக்கென எரிபொருள் வரியிலிருந்து தனி நிதியம் ஒன்றை 1956 இலேயே உருவாக்கிய நாட்டுக்கு இது புதுமையன்று. சிறுவருக்கு அதனைச் செய்யவேண்டும் என்ற எண்ணந்தான் புதிது.

1980 இல் கன்சாஸ் மாநிலம் முதன்முதலாக அத்தகைய ‘சிறுவர் நம்பிக்கை நிதியத்தை’ நிறுவியது. பணம் வந்த வழியைக் கவனியுங்கள். திருமண அனுமதிப் பத்திரம் பெறுவோரிடம் சில டொலர் மேலதிகக் கட்டணம் அறவிட்டார்கள். குடும்பம் ஒன்று தொடங்கும் வேளையிலேயே, தத்தளிக்கும் இன்னொரு குடும்பத்துக்கான பங்கு எடுத்துவைக்கப்பட்டது. பிற மாநிலங்களும் விரைவிற் பின்தொடர்ந்தன. சிலவற்றில் பிறப்புச் சான்றிதழ்க் கட்டணத்திலிருந்து ஒரு பகுதி, சிலவற்றில் வருமானவரிப் படிவத்தில் விருப்பமுள்ளோர் அடையாளமிடும் ஒரு சிறு கட்டம். கலிபோர்னியாவில், நட்சத்திரம், இதயம், கை முதலிய சின்னங்கள் பொறித்த வாகன இலக்கத்தகட்டை விரும்பி வாங்குவோர் செலுத்தும் மேலதிகக் கட்டணத்தில் ஒரு பங்கு சிறுவர் பாதுகாப்புக்குச் செல்கின்றது.

மத்திய அரசு 1984 இல் இதனைக் கண்டு, நிதியம் நிறுவும் மாநிலங்களுக்குத் தானும் ஒரு பங்கு சேர்ப்பதாக அறிவித்தது. அந்த ஏற்பாடே 1996 இல் விரிவாக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது ‘சமூகத்தை அடிப்படையாகக் கொண்ட’ தடுப்பு மானியம் என்ற பெயரைப் பெற்றது. 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவாக அது இன்று உள்ளது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஆளுநர் ஒரு முதன்மை நிறுவனத்தைப் பெயர் குறிப்பிடுகின்றார். பல மாநிலங்களில் அது சிறுவர் நம்பிக்கை நிதியமே. மத்திய அரசின் பணம் அந்நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர் அமைப்புகளுக்குப் பிரிகின்றது.

பங்கீட்டு முறையைச் சற்று விளக்கவேண்டும். மொத்தத் தொகையில் 1 வீதம், அமெரிக்க முதற்குடிகளின் அமைப்புகளுக்கும், பயிர்ச்செய்கைப் பருவத்துக்கேற்ப இடம்பெயரும் தொழிலாளர் குடும்பங்களுக்கான திட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. (‘இடம்பெயர்வோர்’ என்ற சொல்லைக் கண்டு அது அகதிகளுக்கான பங்கு என எவரும் மயங்கவேண்டாம்.) மாநிலங்களுக்குச் செல்லும் தொகையில் 70 வீதம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடப்படுகின்றது. எந்த மாநிலத்துக்கும் 175,000 டொலருக்குக் குறையலாகாது. எஞ்சிய 30 வீதம், அம்மாநிலம் தானாகத் திரட்டிய பணத்தின் அளவுக்கு ஏற்பக் கிடைக்கின்றது. மாநிலம் 20 வீதத்தைத் தன் கைப்பணமாகவும் காட்டவேண்டும். முயற்சியுள்ள மாநிலத்தை ஊக்குவிப்பதே நோக்கம் என்பர். வறிய மாநிலத்தின் வறிய பிள்ளைக்கு இதனால் குறைவாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தொகை எவ்வளவு? ஓர் அரசின் மனத்தை அறியவேண்டுமாயின் அமைச்சரின் உரையை விடுத்து வரவுசெலவுத் திட்டத்தைப் படியுங்கள் என்று விரிவுரை மண்டபத்தில் நாம் மாணவரிடம் சொல்லிவந்ததுண்டு. 2023 நிதியாண்டில் இம்மானியத்துக்கென மத்திய அரசு ஒதுக்கியது ஏறத்தாழ 7 கோடி டொலர். அந்நாட்டில் 18 வயதுக்குட்பட்டோர் 7 கோடிக்கு மேல். ஆண்டொன்றுக்குப் பிள்ளையொன்றுக்கு ஒரு டொலர் தேறாது. பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பு வீடுகளில் வைத்துப் பராமரிப்பதற்கு அதே மத்திய அரசு ஆண்டுதோறும் பல நூறு கோடி டொலர் செலவிடுகின்றது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2021 இல், ஒரே தடவையாக 25 கோடி டொலர் இம்மானியத்துக்குச் சேர்க்கப்பட்டது. அது ஒரு விதிவிலக்கு.

தாதி வீட்டுக்கு வந்தபோது

இப்பணத்தால் என்ன செய்கிறார்கள்? பெற்றோருக்கான வகுப்புகள், பெற்றோர் ஒருவரையொருவர் தாங்கும் குழுக்கள், தாய் தந்தையர் சில மணிநேரம் இளைப்பாறப் பிள்ளையை ஏற்றுப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, குடும்ப வளநிலையங்கள், வீட்டுக்கே சென்று சந்தித்தல் ஆகியன பெரும்பாலும் காணப்படுவன. இவற்றுள் மிக ஆழமாக ஆராயப்பட்டது வீடுதேடிச் செல்லும் முறையே.

நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரில், 1970களின் பிற்பகுதியில், டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் முதற்பிள்ளையைக் கருவுற்றிருந்த 400 பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுட் பெரும்பாலோர் இளவயதினர், அல்லது வறியவர், அல்லது துணையற்றவர். சீட்டுக் குலுக்கியது போல் அவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற தாதியரை அனுப்பினார். கருவுற்ற காலந்தொட்டுப் பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும்வரை தாதி வந்துபோனாள். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், 1997 இல் வெளியான முடிவுகளின்படி, தாதி வந்துபோன குடும்பங்களில் துஷ்பிரயோக, புறக்கணிப்பு முறைப்பாடுகள் மற்றையோரை விட ஏறக்குறையப் பாதியாகவே இருந்தன.

மகிழ்ச்சியான முடிவுதான். ஆயினும் அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2000 ஆம் ஆண்டில் வெளியான செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணவனின் வன்முறை மிகுந்திருந்த வீடுகளில் தாதியின் வருகை பிள்ளையைக் காக்கவில்லை. எமது சங்கங்களில் எவரும் மேடையேறிச் சொல்லத் தயங்குகின்ற விடயம் இது. தாய் அடிவாங்கும் வீட்டில் பிள்ளை வளர்ப்பு வகுப்பு நடத்துவது பயனளிக்காது. இவ்வாறே, ஹவாய் மாநிலத்தில் 1985 இல் தொடங்கி, பிற மாநிலங்கள் பின்பற்றும் முன்மாதிரியாகப் போற்றப்பட்ட திட்டமும், பின்னர் முறையாக ஆராயப்பட்டபோது துஷ்பிரயோகத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்ததாகக் காணப்படவில்லை. ஆகவே, வீடுதேடிச் செல்வதெல்லாம் பயனளிக்கும் என்பதும் பிழை, எதுவும் பயனளிக்காது என்பதும் பிழை. யார் செல்கின்றார், எத்தனை தடவை செல்கின்றார், எதைக் காண்கின்றார் என்பதில் தங்கியுள்ளது.

2010 ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் வழியாக வீட்டுச் சந்திப்புகளுக்கென ஐந்தாண்டுகளுக்கு 150 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. 2022 இன் இறுதியில் அது மேலும் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வளர்ப்பு வீடுகளுக்கென இருந்த பெருந்தொகையிலிருந்தும் தடுப்புக்கு எடுக்கலாம் என அனுமதித்தது. ஆனால் பிள்ளை பிரிக்கப்படும் விளிம்பில் இருக்கவேண்டும், வழங்கப்படும் சேவை ஆய்வுகளால் நிறுவப்பட்ட பட்டியலில் இருக்கவேண்டும் என்பன நிபந்தனைகள். இங்கேதான் எம்போன்ற சிறு சமூகத்தினர் சிக்கிக்கொள்கின்றனர். தமிழ்த் தாய்மாரிடையே எவரும் அத்தகைய ஆய்வை நடத்தியதில்லை. ஆய்வு இல்லையாதலால் பணமில்லை, பணமில்லையாதலால் ஆய்வில்லை. முன்னர் கூறிய சிறு மானியம் அளவிற் சிறியதாயினும் இவ்விடயத்தில் தளர்வானது. பண்பாட்டுக்கு இசைவான சேவையையும், சிறுபான்மை இனத்தவரைத் தேடிச் செல்வதையும், பெற்றோரே திட்டமிடுதலிற் பங்குபெறுவதையும் அதன் சட்டம் எதிர்பார்க்கின்றது.

பெற்றோரின் பங்கு என்பது ஒப்புக்குச் சேர்த்த சொல்லன்று. 1969 இல் கலிபோர்னியாவில், தன் பிள்ளைக்குத் தானே தீங்கு செய்துவிடுவேனோ என அஞ்சிய தாய் ஒருத்தி, தனக்கு உதவிய சமூகசேவையாளருடன் சேர்ந்து, தன்னைப் போன்ற தாய்மாரைக் கூட்டி உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். ‘பெயர் குறிப்பிடாப் பெற்றோர்’ என்ற அமைப்பு அவ்வாறே பிறந்தது. குற்றம் செய்தவர் எனக் கருதப்பட்டோரே உதவி செய்வோராகவும் இருக்கலாம் என்பதை அது காட்டிற்று.

புறக்கணிப்பும் வறுமையும்

துஷ்பிரயோகம் என்றவுடன் எமது மனக்கண்முன் வருவது பூவரசந்தடி. அடியாத மாடு படியாது என்று வளர்ந்தவர்கள் நாம். சுவீடன் 1979 இலும் நோர்வே 1987 இலும் ஜேர்மனி 2000 ஆம் ஆண்டிலும் வீட்டில் பிள்ளையை அடிப்பதையே சட்டத்தால் தடைசெய்துவிட்டன என்பதை அந்நாடுகளில் வாழும் எம்மவர் பட்டறிந்துகொண்டனர். ஆனால் அமெரிக்கக் கணக்கைப் பார்த்தால், அடிபட்ட பிள்ளைகளை விடக் கவனிப்பாரற்ற பிள்ளைகளே மிகுதி. 2022 ஆம் ஆண்டில் பாதிக்கப்பட்டவர் என உறுதிசெய்யப்பட்ட ஏறத்தாழ 5 இலட்சத்து 59 ஆயிரம் பிள்ளைகளுள் நான்கில் மூன்று பங்கினர் புறக்கணிப்புக்கு உள்ளானோர். அவ்வாண்டில் துஷ்பிரயோகத்தாலும் புறக்கணிப்பாலும் இறந்த பிள்ளைகள் 1,990 பேர் என மதிப்பிடப்பட்டது.

புறக்கணிப்பு என்றால் என்ன? உணவில்லை, உடையில்லை, மருந்தில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. இவற்றுட் பெரும்பகுதி வறுமையின் மறுபெயர் அல்லவா என்று கேட்கத் தோன்றுகின்றது. 2017 இல் வெளியான ஆய்வொன்று, மாநிலங்களின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஒரு டொலர் உயர்ந்தபோது புறக்கணிப்பு முறைப்பாடுகள் 9.6 வீதம் குறைந்தன எனக் கண்டது. எந்த வகுப்பும் நடத்தப்படவில்லை, எந்தத் தாதியும் போகவில்லை, கூலி மட்டுமே கூடியது. தடுப்பு மானியத்தைப் புகழ்ந்து பேசும் அரசியல்வாதிகள் இந்த எண்ணையும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் நல்லது.

எமது வீடுகளின் நிலைமை இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. கணவர் இரவு வேலை, மனைவி விடியற்காலைத் துப்புரவு வேலை. இடைப்பட்ட இரண்டு மணிநேரம் ஒன்பது வயது அக்கா மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். வெளியே பூட்டிய கதவு, உள்ளே தொலைக்காட்சி. ஊரில் இதனை எவரும் புறக்கணிப்பு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். ஏனெனில் ஊரில் அந்த இரண்டு மணிநேரமும் அம்மம்மா இருந்தார், பெரியம்மா இருந்தார், வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்க்கும் அயலவர் இருந்தார். தொடர்மாடியின் பதினான்காம் மாடியில் வேலியுமில்லை, பொட்டுமில்லை. குடும்பங்களை வலுப்படுத்தும் காரணிகள் எனத் துறைசார்ந்தோர் அமெரிக்காவில் ஐந்தினைக் குறிப்பிடுவர். அவற்றுள் ஒன்று சுற்றத்தாரின் தொடர்பு, இன்னொன்று இடர் நேரும்போது கைக்கெட்டும் உதவி. நாம் விட்டுவிட்டு வந்தவை சரியாக இந்த இரண்டுமே. வேலை நேரத்தில் பிள்ளைகளை ஒருவர் மாறி ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கை நான்கு குடும்பங்கள் செய்துகொண்டால், அதற்கு இடமும் காப்புறுதியும் ஒரு பயிற்சியாளரும் தேடித்தர மானியம் உதவலாம். அம்மம்மாவை மானியத்தால் வாங்கமுடியாதுதான்.

அச்சம் வீணானதா?

அரசின் உதவியைப் பெற்றால் அரசு வீட்டுக்குள் வந்துவிடும் என்ற அச்சத்தை வெறும் அறியாமை என்று நாம் தள்ளிவிடமாட்டோம். 1978 இல் அமெரிக்கக் காங்கிரஸ் முதற்குடிச் சிறுவர் நலச் சட்டத்தை இயற்றியதற்குக் காரணம், அம்மக்களின் பிள்ளைகளில் 25 முதல் 35 வீதமானோர் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தனர் என்ற சாட்சியம். பாதுகாப்பு என்ற பெயரிலேயே அது நடந்தது. அச்சட்டத்தை 2023 இல் உச்ச நீதிமன்றம் செல்லுபடியானதென உறுதிசெய்தது. அத்தகைய அனுபவமுள்ள மக்களே இன்று தமது தடுப்புத் திட்டங்களைத் தமது கையாலேயே நடத்த மானியம் கேட்டுப் பெறுகின்றனர் என்பதையும் நோக்கவேண்டும்.

மறைக்கக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். தடுப்புத் திட்டத்திலிருந்து வரும் தாதியும் சமூகசேவையாளரும், பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்ததாக நியாயமான ஐயம் கொண்டால், சட்டப்படி அறிவித்தே ஆகவேண்டியவர்கள். நியூ ஜேர்சி, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இக்கடமை எல்லாருக்கும் உரியது. திட்டத்தை நடத்தும் தமிழ் அமைப்பு இதனை முதற்கூட்டத்திலேயே பெற்றோருக்குத் தமிழிற் சொல்லிவிடவேண்டும். பின்னர் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். அதேவேளை, 2022 இல் விசாரணைக்கோ மாற்று மதிப்பீட்டுக்கோ உள்ளான ஏறத்தாழ 31 இலட்சம் பிள்ளைகளுள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானோரே பாதிக்கப்பட்டவராக உறுதிசெய்யப்பட்டனர் என்பதும் அக்கூட்டத்திற் சொல்லத்தக்கதே.

புகலிடம் கோரியிருப்போருக்கு வேறொரு தடங்கல். 2025 ஆம் ஆண்டு யூலையில் மத்திய சுகாதாரத் திணைக்களம், ஹெட் ஸ்டார்ட் எனப்படும் பாலர் கல்வித் திட்டம் உட்படச் சில சேவைகளை, குடியேற்ற நிலையைப் பொறுத்தே வழங்கத்தக்கவை என மறுவரையறை செய்தது. வழக்குத் தொடுத்த பல மாநிலங்களில் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. ஆகவே, எந்தத் திட்டம் யாருக்குத் திறந்துள்ளது என்பதை அந்தந்த மாநிலத்து இலவசச் சட்ட உதவி நிலையத்திடம் கேட்டறிவதே பாதுகாப்பு.

கேட்பது எப்படி?

எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் செயலற்றவை என எவரும் சொல்லமுடியாது. கலைவிழாவுக்கு மண்டபம் எடுக்கவும், ஒலிபெருக்கி எடுக்கவும், ஐந்நூறு பேருக்குக் கொத்துரொட்டி போடவும் வல்லவர்கள். ஒரே ஊரவருக்கு ஒரே நகரில் இரண்டு சங்கங்கள் இருப்பதும் உண்டு. ஆனால் மானியம் தரும் நிறுவனம் கேட்பது வேறு. பதிவுசெய்யப்பட்ட இலாபநோக்கற்ற அமைப்பா? கணக்காய்வு செய்த கணக்கு உண்டா? பிள்ளைகளுடன் பழகவுள்ளோரின் பின்னணி பொலிசாரிடம் சரிபார்க்கப்பட்டதா? காப்புறுதி உண்டா? இவை இல்லாவிடின் பதிவும் கணக்கும் உள்ள வேறோர் அமைப்பின் குடையின் கீழ் சேர்ந்து விண்ணப்பிக்க அமெரிக்காவில் வழியுண்டு. பணத்தை முதலிற் செலவழித்து, பற்றுச்சீட்டுக் காட்டிய பின்னரே பெறவேண்டிய ஒப்பந்தங்களும் பல என்பதால், மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்திருப்பது அவசியம்.

கனடாவில் 1993 இல் தொடங்கிய சிறுவருக்கான சமூகச் செயற்றிட்டம் பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உள்ளூர் அமைப்புகளுக்கே பணம் கொடுத்தது. ஜேர்மனியில் ‘ஆரம்பகால உதவிகள்’ என்ற பெயரில் மத்திய அரசின் நிதியம் ஒன்று 2018 முதல் உள்ளது. பிரித்தானியாவில் 1999 இல் தொடங்கிய ‘ஷுவர் ஸ்ரார்ட்’ நிலையங்கள் 2010 அளவில் ஏறத்தாழ 3,600 ஆகப் பெருகி, பின்னர் ஆட்சி மாறி நிதி வெட்டப்பட்டபோது ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எமது பெண்கள் பலர் அவற்றின் வாசலைத் தாண்டாமலேயே அவை மறைந்துபோயின.

அமெரிக்காவிலுள்ள வாசகர் தமது மாநிலத்தின் பெயருடன் ‘சிறுவர் நம்பிக்கை நிதியம்’ எது என்று உள்ளூர் நூலகத்தில் விசாரித்தாற் போதும், முகவரி கிடைக்கும். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வெளிவந்து முடிவுத் திகதிக்குச் சில வாரங்களே இருக்கும் என்பதால் ஆயத்தத்தை முன்னரே தொடங்கவேண்டும். விண்ணப்பத்தில் எல்லாரும் இடறும் வினா, உங்கள் பகுதியில் என்ன தேவை, அதனை யார் சொன்னார் என்பது. சங்கத் தலைவர் சொன்னார் என்று அதற்கு எழுதமுடியாது. பத்துத் தாய்மாரையும், முடிந்தால் ஐந்து தந்தையரையும், ஆலயத்தின் பின்மண்டபத்தில் ஒரு ஞாயிறு மாலை உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளவேண்டும். அந்நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள், இல்லாவிடின் தாய்மார் வரமாட்டார்கள்.